பழைய பட்டாளப் படங்களும் சீருடையின் சாட்சியமும்

பழைய பட்டாளப் படம் ஒன்று கைக்கு வந்தால் எவரும் முதலில் கேட்பது "இது யாரு?" என்றுதான். படம் மிகவும் சிரமப்பட்டுக் கடைசியில் பதில் சொல்லும் கேள்வியும் அதுவே. எந்தக் காலத்துப் படம், எந்த நாட்டுப் படை, காலாட்படையா குதிரை பூட்டிய பீரங்கிப் படையா, எந்த ரெஜிமென்ட், எத்தனை வருடச் சேவை, காயம் பட்டவரா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் சீருடை ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும். பெயரைக் கேட்டால் மட்டும் மௌனம் சாதிக்கும். சேகரிப்பாளர்களும் குடும்ப வரலாறு தேடுபவர்களும் அருங்காட்சியகக்காரர்களும் இந்தப் படங்களோடு மல்லுக்கட்டிச் சேர்த்த அறிவு கொஞ்சநஞ்சமல்ல. அதில் எது உறுதி, எது பாதி உண்மை, எது வெறும் ஆசை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சாதாரணச் சிப்பாய் தன் படத்தைத் தானே காசு கொடுத்து எடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பெருவெள்ளமாகப் பெருகிய காலம் அது.

அந்த வெள்ளத்தைத் திறந்துவிட்டவை ஒரு தபால் விதியும் ஒரு கேமராவும். பிரிட்டனில் 1902 வரை அஞ்சலட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வருடம் முகவரிப் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடது பாதியில் சேதி எழுதலாம் என்று அனுமதித்தார்கள். மறுபக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. பிரான்ஸ் 1904இலும் ஜெர்மனி 1905இலும் அமெரிக்கா 1907இலும் அதே வழிக்கு வந்தன. இதற்கிடையில் 1903இல் கோடக் நிறுவனம் 3ஏ என்ற மடக்குக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நெகட்டிவ் மூன்றேகால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம், அதாவது ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் அளவு. பின்புறம் அஞ்சலட்டை வாசகம் அச்சிட்ட புகைப்படத் தாளில் நெகட்டிவை வைத்து நேரடியாகப் பிரதி எடுத்துவிடலாம், பெரிதாக்கும் வேலை மிச்சம். 1914இல் போர் மூண்டபோது முகாம் இருந்த ஊரிலெல்லாம் ஸ்டுடியோக்காரருக்கு நல்ல வியாபாரம். புதுச் சீருடை கைக்கு வந்ததும் சிப்பாய் செய்த முதல் காரியங்களில் ஒன்று, போய்ப் படம் எடுத்துக்கொள்வது.

ஆகவே படத்தைப் பார்க்கும் முன் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. நடுவில் கோடு பிரித்த பிரிட்டிஷ் அட்டை என்றால் 1902க்கு முந்தியதல்ல. பிரிட்டனுக்குள் அஞ்சலட்டைக் கட்டணம் 1918 ஜூன் வரை அரை பென்னி, அதன்பின் ஒரு பென்னி. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் கட்டணத்தை அச்சிட்டிருந்தால் அதுவும் ஒரு தடயம். பிரெஞ்சு வாசகம் அச்சிட்ட அட்டையில் பிரிட்டிஷ் சிப்பாய் நின்றால், கடல் கடந்து போனபின் எடுத்த படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்னால் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பவர்கள், அது எதனால் எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பென்சிலோ, தொட்டு எழுதிய மையோ என்றால் அந்தக் காலத்துக் கையாக இருக்கலாம். பால்பாயிண்ட் பேனா கடைகளில் கிடைத்ததே 1945இல்தான். பால்பாயிண்டில் "ஜார்ஜ் மாமா, 1915" என்று எழுதியிருந்தால், முப்பது வருடமாவது கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதியது என்று பொருள். பொய் என்று தள்ளிவிட வேண்டாம், ஆனால் அது சாட்சியம் ஆகாது, செவிவழிச் செய்திதான்.

இந்தத் துறைக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. பலரும் அதில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பதால் குழப்பம் வருகிறது. ஒரு சின்னமோ உடையோ எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று தெரிந்தால், படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று அடித்துச் சொல்லலாம். எப்போது கைவிடப்பட்டது என்பதை வைத்து, படம் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்று சொன்னால் பெரும்பாலும் சறுக்கல்தான். படைகள் எதையும் ஒரே நாளில் தூக்கி எறிவதில்லை. பழைய சரக்கு கிடங்கில் இருக்கும், பயிற்சி முகாமுக்குப் போகும், இரண்டாம் வரிசைப் படைக்கு இறங்கும். முன்வரம்பு இரும்பு, பின்வரம்பு களிமண். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு "1914 முதல் 1916 வரை" என்று இரண்டு பக்கமும் ஒரே உறுதியோடு தேதி குறிக்கும் பட்டியல்களை நான் பாதிதான் நம்புவேன்.

முன்வரம்பு தரும் சின்னங்களுக்குப் பஞ்சமில்லை. குறுக்காக வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் தொப்பியில் இருந்தால் மெஷின் கன் கோர், அது 1915 அக்டோபரில் உருவானது. டேங்க் கோர் என்ற பெயர் 1917 ஜூலையில் வந்தது. இடது முன்கையில் இரண்டு அங்குலத்துக்குச் செங்குத்தாக ஒரு பொன்னிறக் கோடு இருந்தால் அது காயப் பட்டை. 1916 ஜூலையில் அனுமதிக்கப்பட்டது. காயம் 1914இலேயே பட்டிருக்கலாம், ஆனால் அந்தக் கோட்டோடு எடுத்த படம் 1916க்கு முந்தியதல்ல. இரண்டு உலோகத்தில் செய்துவந்த தொப்பிச் சின்னங்களைச் சிக்கனம் கருதி முழுப் பித்தளையில் வார்க்கத் தொடங்கியதும் 1916இல்தான். மகுடத்தின் வடிவமும் ஒரு நாட்காட்டி. விக்டோரியா காலத்து மகுடம் 1901 வரை, தோளுயர்ந்த 'ராஜா மகுடம்' அதன்பின் 1952 வரை. ராயல் எஞ்சினியர்ஸ் சின்னத்தில் அரசரின் பெயரெழுத்தே இருந்ததால் ஏழாம் எட்வர்டா ஐந்தாம் ஜார்ஜா என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1910 அங்கே எல்லைக்கோடு.

சட்டைக் கையில் இருக்கும் பட்டைகள்தான் புதியவர்களை அதிகம் கவிழ்ப்பவை. பிரிட்டிஷ் படையில் மேல்கையில் கூர்முனை கீழ்நோக்கிய பட்டைகள் பதவியைக் குறிக்கும். ஒன்று லான்ஸ் கார்ப்பரல், இரண்டு கார்ப்பரல், மூன்று சார்ஜண்ட். இடது முன்கையில் கூர்முனை மேல்நோக்கி இருந்தால் அது நன்னடத்தைப் பட்டை. பதவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலது முன்கையில் சின்னச் சின்னதாக மேல்நோக்கியவை வெளிநாட்டுச் சேவைப் பட்டைகள். 1918 தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்தவை. 1914 முடிவதற்குள் கடல் கடந்தவருக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டை, அதன்பின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு நீலப் பட்டை. இடது, வலது, மேல், கீழ் என்ற நான்கையும் சரிபார்க்காமல் "மூன்று பட்டை, ஆகவே சார்ஜண்ட்" என்று எழுதிவைத்த குடும்ப வரலாறுகள் நிறைய. பன்னிரண்டு வருடம் பதவி உயர்வே இல்லாமல் ஒழுங்காக இருந்த ஒரு சாதாரணச் சிப்பாய், கொள்ளுப் பேரன் கையால் மூன்று பட்டை பதவி உயர்வு பெற்றுவிடுகிறார்.

அதே சிவப்பு நீலப் பட்டைகள் இன்னொரு சிக்கலையும் காட்டுகின்றன. அந்தக் காலத்துத் தகடுகளும் ஃபிலிம்களும் பெரும்பாலும் நீல ஒளிக்கு அதிகம் மசிந்தவை, சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. நீலம் படத்தில் வெளிறிப் போகும், சிவப்பும் ஆரஞ்சும் கறுத்துவிடும். எனவே 1914லேயே போர்முனைக்குப் போனவர் என்று பறைசாற்ற வேண்டிய அடிச் சிவப்புப் பட்டை, காக்கித் துணியோடு கலந்து மறைந்துபோகும். மேலே இருக்கும் நீலப் பட்டைகள் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். மூன்று பட்டை என்று எண்ணியது உண்மையில் நான்காக இருக்கலாம். காயம்பட்டு பிரிட்டிஷ் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு நீல உடை, வெள்ளைச் சட்டை, சிவப்புக் கழுத்துப்பட்டை தருவார்கள். படத்தில் அவர்கள் வெளிர் சாம்பல் உடையும் கறுப்புக் கழுத்துப்பட்டையுமாகத் தெரிவார்கள். இதை அறியாமல் "வெயில் நாட்டுச் சீருடை, எகிப்தில் எடுத்திருக்கலாம்" என்று குறிப்பு எழுதுவது எளிது.

ஆஸ்திரேலியர்களின் நிறத்துண்டுகள் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். அவர்கள் தோளுக்குக் கீழே தைத்துக்கொண்ட சிறு துணித்துண்டின் வடிவம் டிவிஷனைச் சொல்லும். கிடைச் செவ்வகம் முதல் டிவிஷன், சாய்சதுரம் இரண்டாவது, நீள்வட்டம் மூன்றாவது, வட்டம் நான்காவது, நெட்டைச் செவ்வகம் ஐந்தாவது. துண்டின் மேல்பாதி நிறம் பட்டாலியனையும் கீழ்பாதி நிறம் பிரிகேடையும் குறிக்கும். ஐந்தாம் பட்டாலியனுக்கு மேலே கறுப்பு, கீழே சிவப்பு. பன்னிரண்டாம் பட்டாலியனுக்கு மேலே வெள்ளை, கீழே வெளிர்நீலம். அன்றைய தகட்டில் முன்னது முழுக் கறுப்பாகவும் பின்னது முழு வெள்ளையாகவும் விழும். இரண்டு நிறத் துண்டு ஒற்றை நிறமாகத் தெரிகிறதே என்று தேடிப் போனால், அப்படி ஒரு பட்டாலியனே இருக்காது. வடிவத்தை நம்பலாம், நிறத்தை நம்பக் கூடாது என்பதை இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படத்துக்கு வண்ணம் பூசித் தரும் செயலிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மருத்துவமனை நீலத்துக்குத் தவிட்டு நிறமும் சிவப்பு நாடாவுக்குக் கரும்பச்சையும் அவை கூசாமல் பூசும். மங்கிய படத்தைக் 'கூர்மையாக்கும்' செயலிகள் அதைவிட மோசம். தெளிவில்லாத தொப்பிச் சின்னத்தின் இடத்தில் இல்லாத சின்னம் ஒன்றைக் கற்பனை செய்து வைத்துவிடும். அடையாளம் காணும் வேலைக்கு மூலப்படத்தை நல்ல ஸ்கேனரில், உயர்ந்த துல்லியத்தில் எடுத்து அப்படியே பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் உலகப்போருக்கு முந்தைய தலைமுறைப் படங்களில் இடவலமே மாறிக் கிடக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து டின்டைப், மெல்லிய இரும்புத் தகட்டில் நேராகப் பதியும் படம் என்பதால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும். இடுப்புப் பட்டையில் 'யு எஸ்' எழுத்து இடவலம் மாறி ஓடும், கோட்டின் பொத்தான் எதிர்ப்பக்கம் இருக்கும். பில்லி தி கிட் என்ற துப்பாக்கிக்காரன் இடதுகைக்காரன் என்று பல பத்தாண்டுகளாக நம்பிவந்ததற்கும் இப்படித் திரும்பிய ஒரு டின்டைப்தான் காரணம். அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் வேறொரு வசதி உண்டு. 1864 செப்டம்பர் தொடங்கி 1866 ஆகஸ்ட் வரை புகைப்படங்களுக்குப் போர் வரி இருந்தது, பின்னால் வரித் தலை ஒட்ட வேண்டும். வரித் தலை இருந்தால் இரண்டு பக்கமும் எல்லை கட்டிய தேதி கிடைத்துவிடும். இப்படிப் பின்வரம்பும் உறுதியாகக் கிடைப்பது அபூர்வம்.

சின்னங்களெல்லாம் மங்கிப்போன படத்தில் என்ன செய்வது? கால்களைப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே சுற்றும் துணிப்பட்டியைக் காலாட்படையினர் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றி, முழங்காலுக்கு அடியில் நாடாவால் முடிவார்கள். குதிரைமேல் போகிறவர்கள் மேலே தொடங்கிக் கீழே சுற்றி, கணுக்காலில் முடிவார்கள். நாடாவின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதும். குதிமுள், தோளில் குறுக்காகத் தோட்டாப் பட்டை, சவாரிக் கால்சட்டை ஆகியவை இருந்தால் உடனே "குதிரைப்படை வீரர்" என்று எழுதிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் படையில் குதிரையோடு உழைத்தவர்களில் பீரங்கி இழுத்தவர்களும் சரக்கு வண்டி ஓட்டிய ஆர்மி சர்வீஸ் கோர்க்காரர்களும் ஏராளம். அவர்களுக்கும் இதே கோலம்தான். குதிமுள் போட்டவரெல்லாம் வாள் சுழற்றியவர் அல்லர்.

தோள்பட்டைப் பித்தளை எழுத்துகள் தெளிவாக விழுந்திருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். தொப்பிச் சின்னம் ரெஜிமென்ட்டோடு நின்றுவிடும். 1908இல் உருவான டெரிட்டோரியல் படைக்காரர்களின் தோளிலோ மேலே 'டி' என்ற எழுத்து, நடுவில் பட்டாலியன் எண், அடியில் ரெஜிமென்ட் பெயர் என்று மூன்று அடுக்கு இருக்கும். சில ஆயிரம் பேர் இருந்த கூட்டத்தை ஓர் ஆயிரத்துக்குக் குறைத்துத் தருவது அந்த நடு எண்தான். அவர்களில் வெளிநாடு போகச் சம்மதித்தவர்கள் வலது மார்பில் 'இம்பீரியல் சர்வீஸ்' என்று ஒரு சிறு தகடும் அணிந்தார்கள். இன்னொரு கோடியில், 1914 இலையுதிர்காலத்தில் போர் அமைச்சர் கிச்சனரின் அழைப்பை ஏற்றுத் திரண்ட லட்சக்கணக்கானவர்களுக்குக் காக்கித் துணியே போதவில்லை. கைக்குக் கிடைத்த நீலத் துணியில் தைத்துக் கொடுத்தார்கள், மடக்குத் தொப்பி, சின்னம் ஏதுமில்லை. படத்தில் பார்த்தால் தபால்காரரா சிப்பாயா என்று மயக்கம் வரும். சின்னம் இல்லாததே அங்கே தடயம்: 1914 கடைசி, 1915 தொடக்கம் என்று துணிந்து சொல்லலாம்.

இந்தியப் படைகளுக்கு வருவோம். இங்கே தவறுகள் அதிகம், அவை வேறு வகைப்பட்டவையும்கூட. லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் 26 முதல் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கியது. தெருவில் அணிவகுத்துப் போனவர்களை பிரெஞ்சு ஸ்டுடியோக்காரர்கள் ஓயாமல் எடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். தலைப்பாகை கட்டியவர் யாராக இருந்தாலும் அட்டையின் அடியில் 'ஹிந்தூ' என்று போட்டார்கள். சீக்கியர், பஞ்சாப் முஸ்லிம், பட்டாணியர், டோக்ரா எல்லாருக்கும் ஒரே பெயர். அச்சிட்ட தலைப்பு ஒரு காலத்தின் பார்வையைச் சொல்லும் ஆவணமே தவிர, படத்தில் இருப்பவரைப் பற்றிய ஆவணமல்ல. தலைப்பாகையைப் பார்த்தால் அச்சிட்டவரைவிடக் கொஞ்சம் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். சீக்கியர் கட்டில் நெற்றிக்கு நடுவே உள்துணி முக்கோணமாகத் தெரியும். பஞ்சாப் முஸ்லிம்களும் பட்டாணியரும் கூம்பு வடிவக் குல்லாவைச் சுற்றிக் கட்டுவார்கள், குல்லாவின் நுனி மேலே எட்டிப் பார்க்கும். ஆனால் கட்டு முறை ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் மாறியது. ஆகவே இதை வைத்து ஆளின் ஊரையோ சாதியையோ சொல்லப் புகுந்தால் விஷயம் கைமீறிவிடும்.

கூர்க்கா விவகாரம் இதில் ஒரு தனிக் கதை. அகல விளிம்புத் தொப்பி, இடுப்பில் குக்ரி, குள்ளமான உருவம் என்றால் கூர்க்கா என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 39ஆம் கடுவால் ரைஃபிள்ஸ் படையினரும் அதே தொப்பியும் குக்ரியும்தான் அணிந்தார்கள். அந்தப் படையின் தர்வான் சிங் நேகி 1914 நவம்பரில் ஃபெஸ்டுபெர்ட்டில் விக்டோரியா கிராஸ் வென்றவர், கபர் சிங் நேகி 1915 மார்ச்சில் நெவ் ஷப்பெல்லில் இறந்தபின் அதே விருதைப் பெற்றவர். தோளில் இருக்கும் பித்தளை எழுத்தைப் படிக்க முடியாத படத்தில் கூர்க்காவையும் கடுவாலியையும் பிரிப்பது கடினம். பிரிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு நகர்வதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

இந்தியர்களின் பிரெஞ்சுப் படங்களில் இன்னொரு பக்கம் அபூர்வமான உறுதி கிடைக்கிறது. இந்தியக் காலாட்படை டிவிஷன்கள் 1915 இறுதியில் பிரான்ஸைவிட்டு மெசபடோமியாவுக்குப் போய்விட்டன. குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம்வரை இருந்துவிட்டு பாலஸ்தீனத்துக்குப் போனது. ஆகவே பிரெஞ்சு மண்ணில் நிற்கும் இந்தியக் காலாட்படை வீரரின் படத்தைப் பதினைந்து பதினாறு மாத இடைவெளிக்குள் அடைத்துவிடலாம். இந்தப் பின்வரம்பு துணியிலிருந்து வரவில்லை, படை நகர்ந்த வரலாற்றிலிருந்து வருகிறது. சீருடைப் புத்தகத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பவருக்கு இது கிடைக்காது. குதிரைப்படையா காலாட்படையா என்று தீர்மானிக்க, முன்பு பார்த்த கால்பட்டி முடிச்சு இங்கேயும் கைகொடுக்கும்.

சென்னைப் படைகளைத் தேடுபவர்களுக்கு எண்கள் உதவும். அப்போது இந்தியப் படைத் தலைவராக இருந்த அதே கிச்சனர் 1903இல் இந்தியப் படை முழுவதையும் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது மெட்ராஸ் காலாட்படையின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. முதலாம் மெட்ராஸ் பயனியர்ஸ் 61 ஆனது, நான்காவது 64, இருபத்தொன்றாவது 81. பதின்மூன்றாம் மெட்ராஸ் காலாட்படை 73ஆம் கர்நாட்டிக் ஆனது. தோளில் 64 என்று பித்தளை எண் இருந்தால் படம் 1903க்குப் பிந்தியது. 1922 மறுசீரமைப்பில் இந்த எண்களும் போய், பல பட்டாலியன்கள் கொண்ட ரெஜிமென்ட்டுகள் வந்தன. மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற பெயரில் சேர்த்தவற்றையும் 1928க்குள் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தபிறகே மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மறுஉயிர். இடைப்பட்ட வருடங்களில் தமிழர்கள் பட்டாளத்தில் இருந்த படம் என்றால் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரையோ, 1933வரை நீடித்த பயனியர்களையோ முதலில் நினைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மனிதரை ஒரு கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவதோடு சரி. அங்கிருந்து பெயருக்குப் போகும் பாதையில் பெரிய பெரிய ஓட்டைகள் உள்ளன. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பாதிக்கு மேல், 1940 செப்டம்பரில் லண்டன் வால்வொர்த்தில் ஜெர்மன் குண்டு விழுந்து எரிந்துபோயின. தப்பியவற்றிலும் ஓரம் கருகிய தாள்கள் நிறைய. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் குண்டுவீச்சில் அழிந்தன. பவேரியாவினுடையவை மியூனிக்கில் இருந்ததால் தப்பின. ஜெர்மன் சிப்பாயின் படம் கிடைத்தால் பொத்தானில் சிங்கம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிங்கம் இருந்தால் பவேரியர், தேடுவதற்கு ஓர் ஆவணக் காப்பகமாவது உண்டு. பஞ்சாபைப் பொறுத்தவரை நல்ல செய்தி ஒன்று வந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தூங்கிய பதிவேடுகளை எண்ணியமாக்கி 2021இல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத் தொடங்கினார்கள். ஊர் ஊராக எழுதிய அந்தப் பதிவேடுகளில் சுமார் 3.2 லட்சம் படைவீரர்களின் விவரம் இருக்கிறது. பெயர்கள் இருக்கின்றன, படங்கள் இல்லை. பிரெஞ்சு அஞ்சலட்டைகளில் படங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. இரண்டையும் இணைக்க, எழுதப்பட்ட ஒரு துண்டுத் தாளாவது எங்காவது அகப்பட வேண்டும்.

விக்னாகூர் கதை இந்த இடைவெளியை நன்றாகக் காட்டுகிறது. பிரான்ஸில் அமியான் நகருக்கு வடக்கே இருக்கும் அந்தக் கிராமத்தில் லூயி, அந்துவானெத் துய்லியே என்ற தம்பதி, போர்முனைக்குப் பின்னால் ஓய்வெடுக்க வந்த சிப்பாய்களைப் படம் எடுத்து அஞ்சலட்டை போட்டுக் கொடுத்துப் பிழைத்தார்கள். ஏறக்குறைய நாலாயிரம் கண்ணாடித் தகடுகள் ஒரு பண்ணைவீட்டுப் பரணில் கிடந்து 2011இல் வெளிவந்தன. ஆஸ்திரேலியர்கள் இருந்த எண்ணூறு தகடுகளை ஆஸ்திரேலியத் தொழிலதிபர் கெர்ரி ஸ்டோக்ஸ் வாங்கி கான்பெராவின் போர் நினைவகத்துக்குக் கொடுத்தார். தம்பதி பயன்படுத்திய, வண்ணம் தீட்டிய பின்திரையும் அங்கேயே கிடைத்தது. அந்தத் திரை ஒரு பெரிய ஆய்வுக் கருவி. அதன் மடிப்பும் ஓவியமும் தெரிந்தவருக்கு, உலகில் எந்த வீட்டு ஆல்பத்தில் அதே திரைமுன் நிற்கும் சிப்பாயின் அஞ்சலட்டை இருந்தாலும், எடுத்த இடம் விக்னாகூர் என்று தெரிந்துவிடும். அந்த அட்டையின் பின்னால் பெயர் இருந்தால் தகட்டில் இருக்கும் முகத்துக்கும் பெயர் வந்துவிடும். இப்படிப் பல முகங்களுக்குக் குடும்பங்கள் பெயர் சொல்லிவிட்டன. சீருடை அறிவு தேடலைச் சுருக்கியது, பெயரைத் தந்தது வீட்டில் இருந்த இரண்டாவது பிரதி.

பெயர் கிடைத்தபின் நாம் எவ்வளவு பிடிவாதமாகிவிடுகிறோம் என்பதற்கு இவோ ஜிமா தீவின் கொடிப் படத்தைவிடப் பெரிய சான்று கிடையாது. 1945 பிப்ரவரி 23 அன்று சுரிபாச்சி மலையுச்சியில் ஆறு அமெரிக்கர்கள் கொடி நாட்டும் காட்சியை ஜோ ரோசன்தால் எடுத்தார். உலகில் அதிகம் அச்சான போர்ப் படங்களில் அது ஒன்று. ஹென்றி ஹேன்சன் என்று சொல்லப்பட்டவர் உண்மையில் ஹார்லன் பிளாக் என்று 1947இல் திருத்தினார்கள். மீதி ஐவர் உறுதி என்று நினைத்திருந்தபோது, ஒமாஹாவில் ஒருவரும் அயர்லாந்தில் ஒருவருமாக எரிக் கிரெல், ஸ்டீபன் ஃபோலி என்ற இரு ஆர்வலர்கள், அன்று மலைமேல் எடுத்த மற்றப் படங்களையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு இடுப்புப் பட்டையையும் கால்சட்டையையும் ஒப்பிட்டார்கள். கடற்படை மருத்துவ உதவியாளர் ஜான் பிராட்லி மற்றப் படங்களில் கால்சட்டையின் அடியை மடித்து விட்டிருந்தார், இடுப்பில் கைத்துப்பாக்கிப் பட்டை. கொடிப் படத்தில் அவர் என்று சொல்லப்பட்டவருக்கோ மடிப்பு இல்லை, தோட்டாப் பட்டை இருக்கிறது, கம்பி வெட்டும் குறடு தொங்குகிறது. 2016இல் மரைன் படை ஒப்புக்கொண்டது: அவர் பிராட்லி அல்லர், ஹரால்ட் ஷுல்ட்ஸ் அந்த அறுவரில் ஒருவர். 2019இல் ரெனே கேக்னன் என்று சொல்லப்பட்டவர் ஹரால்ட் கெல்லர் என்று இன்னொரு திருத்தம். பிராட்லியின் மகன் ஜேம்ஸ் 2000இல் எழுதிய நூல் விற்பனையில் சாதனை படைத்து, படமாகவும் வந்துவிட்டிருந்தது. ஆறில் மூன்று பெயர் தவறு. நேரில் இருந்தவர்கள் உயிரோடிருந்தபோதே, அரசே விசாரித்த படத்தின் கதி இது.

முகமறியும் மென்பொருள் இப்போது களத்தில் இறங்கியிருக்கிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கர்ட் லூதர் குழுவினர் 2018இல் தொடங்கிய சிவில் வார் போட்டோ ஸ்லூத், பெயர் தெரிந்த உள்நாட்டுப் போர்க் காலத்துப் படங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, பெயரில்லாத முகத்தோடு ஒப்பிட உதவுகிறது. சீருடைத் தடயங்களால் தேடும் வட்டத்தைச் சுருக்கிவிட்டு அதன்பின் முகத்தைப் பார்க்கும் அதன் வரிசை சரியானது என்பேன். முகத்தில் தொடங்கினால் கண் எதை விரும்புகிறதோ அதைத்தான் காணும். தாடியும் மெலிவும் ஒரே ஆளை இரண்டு ஆளாக்கும், அண்ணன் தம்பி இருவரை ஒரே ஆளாக்கும்.

நம் வீட்டு ஆல்பங்களில் பிரச்சினை வேறு இடத்தில் தொடங்குகிறது. பிரிட்டனில் காக்கி என்றால் ராணுவம். இங்கே போலீசும் காக்கி, வனத்துறையும் காக்கி, தபால்காரரும் காக்கி, இரண்டாம் போர்க் காலத்து விமானத் தாக்குதல் காவலரும் காக்கி, 1948க்குப் பிறகு என்சிசி மாணவரும் காக்கி. தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்ற வீட்டுப் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தோளில் ரெஜிமென்ட் பெயர் இருக்கிறதா, தொப்பியில் என்ன சின்னம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சின்னத்தில் மகுடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம் அல்லது அதையொட்டிய இரண்டொரு வருடம். அசோகச் சிங்கம் இருந்தால் 1950 ஜனவரி 26க்குப் பிறகு. இங்கும் சிங்கம் தருவது உறுதியான முன்வரம்பு, மகுடம் தருவது தளர்வான பின்வரம்பு. மார்பில் இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்களின் ரிப்பன் இருந்தால் 1943க்கு முந்திய படமல்ல.

பெயருக்கும் எண்ணுக்கும் படத்தைவிட நல்ல இடம் இரும்புப் பெட்டி. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இருந்தால் படை எண், பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் நான்கும் ஒரே தாளில் கிடைக்கும். அந்த எண்ணோடு மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும் சாப்பர் என்றால் பெங்களூருக்கும் எழுதிக் கேட்கலாம். தாள் செல்லரித்துப்போயிருந்தால் பதக்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடலின் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். சிப்பாய்க்கு வெள்ளி, கூலிப்படைக்கும் பட்டாளத்தோடு போன வேலைக்காரர்களுக்கும் வெண்கலம். வெள்ளி என்பதால் உருக்கிவிட்டவை ஏராளம், வெண்கலத்துக்கு விலை கிடைக்காது என்பதால் தப்பியவை உண்டு. இரண்டாம் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்கள் வெறுமையாக இருக்கும். இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றின் பின்புறத்தில் பெயர் பொறித்திருக்கும், திருப்பிப் பார்த்தால் தெரியும்.